தாடைக்கும் ஒரு வீக் ஆஃப் குடு!

எலி மருந்து வாங்கவா கெளம்பிட்ட? உக்காரு தம்பி. ராத்திரி ரெண்டு மணிக்கு ரூம்ல 'நறநற'ன்னு சத்தம் வருது, செவுத்தை எலி கொறிக்குதுன்னு சொல்ற. என் செவுரு சிமென்ட் செவுரு. அதைக் கொறிக்க ஒரகடத்து எலிக்கு இன்னும் எந்தக் கம்பெனியும் டிரில்லிங் மிஷின் குடுக்கல. கொறிக்கிறது உன் பக்கத்துப் பாயில படுத்திருக்கிற செய்யாறு பையன். கொறிபடறது அவன் பல்லு.

நீ புதுசு, உனக்குத் தெரியாது. ஒரகடம், வல்லம், மாத்தூர் பக்கம் லைன் வூடு கட்டி வாடகைக்கு வுட்டிருக்கிற எவனைக் கேட்டாலும் இந்தக் கச்சேரியைப் பத்திச் சொல்வான். கடிக்கிறவனுக்கு மட்டும் தெரியாது. அவன் பாட்டுக்குத் தூங்குவான், பக்கத்துல இருக்கிறவன்தான் முழிச்சிக்கினு உக்காந்திருப்பான். இங்க அதுவும் முழுசா நடக்கிறதில்ல. ஒருத்தன் ஏ ஷிப்ட், ஒருத்தன் பி, ஒருத்தன் சி. ஒருத்தன் எழுந்த பாயில இன்னொருத்தன் வந்து விழறான். வாரம் பூரா ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பாக்கிறதில்ல. அப்பால யார் பல்லைக் கடிச்சா யாருக்குத் தெரியும்?

ஊருக்குப் போன் போட்டுச் சொன்னா ஆத்தா இன்னா சொல்லும் தெரியுமா? "ஒரு கால்கட்டு போட்டா எல்லாம் சரியாப் பூடும்." கல்யாணம் பண்ணினா பல் கடிக்கிறது நிக்காது தம்பி. சாட்சி சொல்ல ஒரு ஆள் கிடைக்கும், அவ்ளோதான். அதுவும் இப்ப வர்ற பொண்ணுங்க போன்ல ரெக்கார்டு பண்ணி மாமியாருக்கே அனுப்பி வுடுதுங்க.

எனக்கு எப்படி இவ்ளோ விவரம்னு பாக்கிறியா? நெலம் போன காசுல பாதி ரூமா நிக்குது, மீதி என் பேத்தியோட பல் டாக்டர் படிப்பா நிக்குது. அவ லீவுல வந்தா சும்மா இருக்க மாட்டா. போன தபா உங்களை மாதிரிப் பசங்களை வரிசையா நிக்க வெச்சு, போன்ல இருக்கிற லைட்டை வாய்க்குள்ள அடிச்சுப் பார்த்தா. செய்யாறு பையன் வாயைத் திறந்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினா. கோரைப்பல்லுக்குக் கூர் இருக்கணும். அவனுக்கு மேல ரெண்டும் கீழ ரெண்டும் நுனி மழுங்கி, தட்டையா, தேஞ்ச இடம் பளபளன்னு மின்னுது. கன்னத்தோட உள்பக்கம், பல்லும் பல்லும் சேர்ற உயரத்துல ஒரு வெள்ளைக் கோடு. நாக்கு ஓரத்துல பல் பதிஞ்ச தடம். "காலையில எழுந்தா தாடை வலிக்குதா, நெத்திப்பொட்டு வலிக்குதா, ஐஸ் தண்ணி பட்டா கூசுதா?"ன்னு கேட்டா. அவன் மூணுக்கும் தலையை ஆட்டிட்டு, "வெயில்னு நினைச்சேன்கா"ன்னான். வயசு 23. பல்லைப் பார்த்தா எனக்கு அண்ணன்.

நம்ம உடம்புலயே கெட்டியான பொருள் பல்லு மேல இருக்கிற எனாமல். எலும்பு ஒடிஞ்சாக் கூட ஒட்டிக்கும். எனாமல் தேஞ்சா தேஞ்சதுதான், மறுபடி வளராது. அந்த விஷயத்துல அது நம்ம ஊரு நஞ்செய்க்குப் பங்காளி.

காரணம் இன்னான்னு கேட்டா ஊர்ல ஆளுக்கு ஒரு வைத்தியன். எங்க ஆத்தா காலத்துல ஒரே பதில்தான்: வயித்துல பூச்சி. வேப்பங்கொழுந்தை அரைச்சு உருண்டை புடிச்சு, மூக்கைப் புடிச்சு உள்ள தள்ளும். பூச்சி செத்துதோ இல்லையோ, அந்தக் கசப்புக்குப் பயந்துக்கினு நாங்க தூங்காமக் கெடந்தோம். தூங்காதவன் எப்படிப் பல்லைக் கடிப்பான்? வைத்தியம் பலிச்சுதுன்னு ஆத்தாவுக்குப் பெருமை. வயித்துல பூச்சி இருந்தா அதுக்கு மாத்திரை போடணும், அது சரிதான். பிப்ரவரியிலயும் ஆகஸ்டுலயும் பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களுக்குக் குடுக்கிறாங்களே, அந்த மாத்திரைதான். ஆனா பூச்சியாலதான் பல் கடிக்கிறாங்கன்னு உறுதியா நிரூபணம் ஆகலன்னு பேத்தி சொல்றா. சின்னப் பிள்ளைங்களுக்கு இது பெரியவங்களை விட அதிகம், பெரும்பாலும் வளர வளரத் தானா அடங்கிடும். நடுவுல வேப்பிலைக்குத்தான் பேரு வந்துது.

ஆத்தாவை மட்டும் பார்த்துச் சிரிக்காதே. பல் டாக்டருங்களே ரொம்ப நாள் வேற ஒண்ணை நம்பினாங்க. மேல் பல்லும் கீழ் பல்லும் ஒழுங்காச் சேரல, அதான் அரைக்குதுன்னு சொல்லி, நல்லா இருந்த பல்லை ராவி ராவிச் சரி பண்ணினாங்க. இப்ப அந்தப் பேச்சு மாறிப்போச்சு. தூக்கத்துல பல் கடிக்கச் சொல்லி உத்தரவு போடறது பல்லு இல்ல, மூளை.

எப்படின்னு கேளு. தூக்கம் ராத்திரி பூரா ஒரே ஆழமா இருக்காது. மேல வரும், கீழ போகும். மேலோட்டமா இருக்கிறப்ப சில நொடி மூளை அரைமுழிப்புக்கு வரும். உனக்குத் தெரியாது, கண்ணு கூடத் திறக்காது. ஆனா உள்ள நெஞ்சு வேகமா அடிக்கும், மூச்சு ஒரு இழுப்பு பெருசா வரும், தாடைச் சதை நொடிக்கு ஒரு தபான்னு கணக்கா இறுகி இறுகி வுடும். இதுல அதிசயம் இன்னான்னா, பல்லே கடிக்காதவங்களைத் தூங்க வெச்சு ஒயரு மாட்டிப் பார்த்தாலும் பத்துக்கு ஆறு பேருக்குத் தாடை இப்படி அசையுது. அவங்களுக்கு அசைவு கம்மி, இறுக்கமும் கம்மி, சத்தம் வராது. உன் தோஸ்துக்கு அடிக்கடி, அழுத்தமா வருது. பெரியவங்கள்ல நூத்துக்கு ஏறக்குறைய எட்டுப் பேருக்கு இந்தப் பழக்கம் உண்டுன்னு புத்தகத்துல போட்டிருக்கு. வயசாக ஆகக் குறையுமாம். எனக்குச் சுத்தமா இல்ல. என் பல்லு ராத்திரியில தனியா டம்ளர்ல தூங்குது.

ஆக, அரைமுழிப்பு எத்தினி தபா வருதோ அத்தினி தபா அரைவைக்கு வாய்ப்பு. தூக்கத்தைத் துண்டு துண்டா ஆக்கிறது எதுவோ அதுதான் குத்தவாளி. அதைத் தேடி எங்கயும் போக வேணாம், நம்ம ஒரகடம் ஜங்ஷன்ல நின்னாலே வரிசையாப் பஸ்ல வந்து இறங்குது.

இந்த ஊரு ஒரு காலத்துல எட்டு மணிக்கு அடங்கிடும். ஏரித் தண்ணி, நெல்லு, வேர்க்கடலை, இதுதான் பொழைப்பு. 1998-ல இருங்காட்டுக்கோட்டையில இருந்து சான்ட்ரோ காரு வந்துது. 2006-ல ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா. 2010-ல ஒரகடத்துல ரெனோ-நிஸான், 2012-ல டெய்ம்லர் லாரி, 2013-ல புல்லட்டு. நெலம் போச்சு, வேலை வந்துது, வாடகை வந்துது. கூடவே ராத்திரி பத்து மணிக்கு சி ஷிப்ட் ஆளுங்களை ஏத்திக்கினு போயி காலையில ஆறு மணிக்குக் கொண்டாந்து கொட்டற பஸ்ஸும் வந்துது. அந்தப் பஸ்ல இருந்து இறங்கறவனுக்குச் சூரியன் உச்சந்தலையில ஏறிக்கினு இருக்கிறப்பதான் ராத்திரி. அடுத்த வாரம் அவனே ஏ ஷிப்ட். உடம்புக்குள்ள ஒரு கடிகாரம் இருக்குது. வாரா வாரம் அதைத் திருப்பி வெச்சா அது எந்த ஊரு நேரத்தைத்தான் காட்டும்?

பின்லாந்துல ரேடியோ, டிவி கம்பெனியில ஷிப்ட் பாக்கிறவங்களைக் கேட்டிருக்காங்க. மன அழுத்தம் அதிகமா இருக்கிறவங்களும், தன்னோட ஷிப்ட் அட்டவணை புடிக்காதவங்களும்தான் அடிக்கடி பல் கடிக்கிறதா அதிகமாச் சொல்லியிருக்காங்க. அங்க புடிக்கலன்னு சொல்லவாவது பேப்பர் குடுத்திருக்கான். நம்ம ஊர்ல புடிக்குதான்னு எவன் கேக்கிறான்?

சரி, கம்பெனியைத் திட்டினது போதும். இப்ப உங்களைத் திட்டறேன். 'நீ'ன்னு சொன்னா இந்த லைன் வூட்டுப் பசங்க அத்தினி பேரும்தான்.

முதல்ல டீ. சி ஷிப்ட்ல மூணு மணிக்குக் கண்ணு சொக்குதுன்னு கடுங் கலர்ல ரெண்டு டீ. அதுவும் பத்தலன்னா சிவப்புக் கலர்ல, குடிச்சா மாடு முட்டினாலும் தூக்கம் வராதுங்கிறானே, அந்த பாட்டில். டீ, காபி, அந்த பாட்டில், மூணுலயும் இருக்கிறது கஃபீன். உள்ள போன கஃபீன்ல பாதி கழியவே ஏறக்குறைய அஞ்சு மணி நேரம் ஆகும். மூணு மணிக்குக் குடிச்சது, நீ எட்டு மணிக்குப் பாயை விரிக்கிறப்ப பாதி மிச்சம் இருக்கும். நீ படுத்துடுவ, அது உக்காந்துக்கினு இருக்கும். டீ வேணும்னா ஷிப்டோட முதல் பாதியில குடி. அப்பால தண்ணி குடி.

ரெண்டாவது, உதட்டுக்குள்ள ஒதுக்கி வெச்சுக்கினு பேச்சு வராதவன் மாதிரி நடிக்கிறியே, அந்தப் பொட்டலம். 2013-லயே தமிழ்நாட்டுல தடை போட்டாங்க. தடை போட்டது தெரியாம இன்னும் எல்லாக் கடையிலயும் கிடைக்குது. பீடி, சிகரெட்டு, பொட்டலம் எதுவா இருந்தாலும் நிக்கோட்டின் ஒண்ணுதான், அது மூளையைத் தூங்க வுடாது. புகை புடிக்கிறவங்களுக்குப் பல் கடிக்கிற வாய்ப்பு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. "டென்ஷனுக்குத்தான் தாத்தா போடறேன்"னு சொல்வ. டென்ஷனைப் பல்லுக்கு மாத்தி வுடறன்னு சொல்லு.

மூணாவது, வீக் ஆஃப் அன்னிக்கு டாஸ்மாக். அடிச்சா நல்லாத் தூக்கம் வருதுங்கிற. வரும், முதல்ல அமுக்கும். பின்ராத்திரியில அதே சரக்கு தூக்கத்தைத் துண்டு போடும், அரைவை ஜாஸ்தி ஆகும். கடையை ராத்திரி பத்து மணிக்கு மூடிடறாங்களே, பி ஷிப்ட் பசங்களுக்குக் கவர்மென்ட் தெரியாம செஞ்ச பல் வைத்தியம் அது ஒண்ணுதான்.

நாலாவது, படுக்கிறதுக்கு முன்னாடி பரோட்டா. சால்னா ஊத்தி நாலு உள்ள தள்ளிட்டு உடனே மல்லாந்தா, வயித்துப் புளிப்பு தொண்டைக்கு ஏறும். அப்படி ஏறினாலும் தூக்கத்துல தாடை இறுகும். இன்னொரு கெடுதல், அந்தப் புளிப்பு எனாமலை இளக்கி வுடும். இளகின பல்லை அரைச்சா சீக்கிரம் தேயும். சாப்பிட்டு ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சுப் படு. முடியலன்னா இட்லியைத் தின்னு, தலைமாட்டை உசத்தி, இடப் பக்கமா ஒருக்களிச்சுப் படு.

அஞ்சாவது குறட்டை. குறட்டை வுட்டுக்கினே இருந்தவன் திடுக்குனு மூச்சு நின்னு, அப்பால 'ஹக்'னு இழுக்கிறான்னா அது வேற வியாதி. அதுக்கும் பல் கடிக்கிறதுக்கும் பல பேருக்கு உறவு உண்டு. கழுத்து தடிச்சு, பகல்ல நின்ன இடத்துல தூங்கி வழியறவன் பல் டாக்டர்கிட்ட மட்டும் போயிட்டு வந்தா போதாது. மனசு நோவுக்குத் தர்ற சில மாத்திரையாலயும் பல் கடிக்கிறது வரும். அப்படி இருந்தா நீயா நிறுத்திடாதே, எழுதிக் குடுத்த டாக்டர்கிட்டயே சொல்லு.

இப்ப பெரிய குத்தவாளி. கவலை. காண்ட்ராக்ட்டு எப்ப பர்மனென்ட்டு ஆகும், பைக்குக்கு டியூ எப்படிக் கட்டறது, தங்கச்சிக்கு நகை எப்ப எடுக்கிறது. 2014 நவம்பர் 1-ஆம் தேதி நோக்கியா கேட்டு மூடினதை நான் கண்ணால பார்த்தவன். உலகத்துக்கே போன் செஞ்சு குடுத்த ஊரு, மறுநாள் யாருக்குப் போன் பண்றதுன்னு தெரியாம நின்னுது. அதுக்கப்புறம் இந்த ரோட்டுல எவனுக்கும் முழுசா நிம்மதியான தூக்கம் இல்ல. வேலை இருக்கிறவன் போயிடுமோன்னு கடிக்கிறான். இல்லாதவன் வராதோன்னு கடிக்கிறான்.

2023 ஏப்ரல் 21-ஆம் தேதி ஒரு சட்டம் பாஸ் பண்ணினாங்க, ஞாபகம் இருக்குதா? ஃபேக்டரியில ஒரு நாளைக்குப் பன்னெண்டு மணி நேரம் வரைக்கும் வேலை வாங்க வழி பண்ற சட்டம். எல்லாப் பக்கமும் சத்தம் கெளம்பி, மே தினத்தன்னிக்கு முதலமைச்சரே வாபஸ்னு அறிவிச்சாரு. சட்டம் வாபஸ் ஆச்சு. உன் ஓவர்டைம் எங்க வாபஸ் ஆச்சு? கூப்பிட்ட உடனே 'சரி சார்'னு மண்டையை ஆட்டிட்டு வந்து, இங்க விடிய விடியப் பல்லை அரைக்கிற.

இங்கதான் தம்பி நான் சொல்ல வந்த சங்கதியே இருக்குது. தூங்கறப்ப வர்ற இந்த நோவுக்குத் தூங்கறப்ப மருந்து இல்ல. முழிச்சிருக்கிற நேரத்துலதான் இருக்குது.

நாளைக்கு லைன்ல நிக்கிறப்ப ஒண்ணு கவனி. போல்ட்டு முடுக்கறப்ப, டார்கெட் போர்டைப் பாக்கிறப்ப, சூப்பர்வைசர் பின்னாடி வந்து நிக்கிறப்ப, மேல் பல்லும் கீழ் பல்லும் சேர்ந்திருக்குதா? சேர்ந்திருக்கவே கூடாது. மெல்றப்பவும் முழுங்கறப்பவும் தவிர மத்த நேரமெல்லாம் ரெண்டுக்கும் நடுவுல கொஞ்சம் இடைவெளி இருக்கணும். உதடு மூடி, பல்லு பிரிஞ்சு, நாக்கு நுனி மேல் பல்லுக்குப் பின்னாடி லேசாத் தொட்டுக்கினு இருக்கணும். அதுதான் தாடை ஓய்வா இருக்கிற நிலை. உனக்கு முழிச்சிருக்கிறப்பவே இறுக்கம், தூங்கறப்ப வேற அரைவை. ரெண்டு ஷிப்டும் சேர்த்துப் பாக்கிற ஆளு உலகத்துல உன் தாடை ஒண்ணுதான். அதுக்கு ஓ.டி. காசும் கிடையாது, வீக் ஆஃபும் கிடையாது.

இதுக்கு ஒரு கைசன், அதான் சின்னச் சின்ன முன்னேத்தம், சொல்றேன். உங்க கம்பெனியில எதுக்கெடுத்தாலும் ஸ்டிக்கர் ஒட்டறான் இல்ல? தொடப்பக்கட்டைக்குக் கூட மஞ்சக் கோடு போட்டு இடம் குறிக்கிறான். நீயும் கடையில பச்சைப் பொட்டு ஸ்டிக்கர் ஒரு அட்டை வாங்கு. ஐ.டி. கார்டுல ஒண்ணு, லாக்கர்ல ஒண்ணு, போனுக்குப் பின்னாடி ஒண்ணு ஒட்டு. பொட்டைப் பாக்கிற போதெல்லாம் தாடையைத் தளர்த்து, தோளை இறக்கு, மூச்சை மெதுவா வுடு. செய்யாறு பையனுக்கு என் பேத்தி ஒட்டி வுட்டுட்டுப் போனா. முதல் நாள் சாயங்காலம் வந்து, "எப்ப பார்த்தாலும் கடிச்சுக்கினுதான் இருக்கேன் தாத்தா, எனக்கே தெரியல"ன்னான். தெரிஞ்சிக்கிறதுதான் முதல் வைத்தியம். செலவு பத்து ரூபா.

இயற்கை வைத்தியம் இன்னான்னு கேப்ப, கேக்காம வுடமாட்ட. சொல்றேன், ஆனா எது எதுக்குன்னு பிரிச்சுக் கேளு.

காது மடலுக்குக் கீழ, தாடை மூலையில ரெண்டு விரலை வெச்சுப் பல்லைக் கடி. ஒரு சதை புடைச்சு வருதா? அதுதான் ராத்திரி டியூட்டி பாக்கிற ஆளு. ரொம்ப நாள் கடிச்சா அது பெருத்து மூஞ்சியே சதுரமாத் தெரியும். படுக்கிறதுக்கு முன்னாடி சுடுதண்ணியில துணியை நனைச்சுப் பிழிஞ்சு, பொறுக்கிற சூட்டுல பத்து நிமிஷம் அங்க வை. அப்பால வாயை லேசாத் திறந்துக்கினு விரல் நுனியால வட்டமா மெதுவாத் தேய். காலையில வலி குறையும். இது நல்லது.

கிராம்புத் தைலம்: பல் வலியை மரத்துப் போக வைக்கும், கடிக்கிறதை நிறுத்தாது. நெறையத் தடவினா ஈறு வெந்துடும். நல்லெண்ணெய் கொப்பளிக்கிறது: வாய்க்குச் சுகம், தப்பில்ல, ஆனா மூளைக்கு நல்லெண்ணெய் போய்ச் சேராது. ஆலும் வேலும் பல்லுக்குறுதின்னு சொன்னது பல்லைத் துலக்கறதுக்கு. தேஞ்ச பல்லு மேல கரித்தூளும் உப்பும் போட்டுத் தேய்க்காதே, ராத்திரி அரைச்சது போக மிச்சத்தைக் காலையில நீயே அரைச்சுடுவ. மெக்னீசியம் மாத்திரைன்னு போன்ல விளம்பரம் வருது, அதுக்குச் சரியான நிரூபணம் இல்ல. வெதுவெதுப்பாப் பால் குடி, பரவாயில்ல. அதுல ஜாதிக்காயை மட்டும் அள்ளிக் கொட்டாதே. அளவு மீறினா அது விஷம், தூக்கம் வராது, ஆஸ்பத்திரி வேன்தான் வரும். யூடியூப்ல சொன்னவன் கூட வந்து உக்கார மாட்டான்.

தாடைச் சதைக்கு வேலையைக் குறை. பபுள்கம் வேணாம், கொட்டைப்பாக்கு வேணாம், பேனா மூடி வேணாம். பல்லால சோடா மூடி தொறக்கிற வீரமெல்லாம் பொங்கலுக்கு ஊருக்குப் போறப்ப கூடக் காட்டாதே.

தூக்கத்தைச் சரி பண்ணு. சி ஷிப்ட் முடிஞ்சு வர்றப்ப கண்ணுக்குக் கூலிங் கிளாஸ் போட்டுக்கினு வா. ஊரு சிரிக்கும், சிரிக்கட்டும். காலை வெளிச்சம் கண்ணுல அடிச்சா விடிஞ்சிடுச்சுன்னு மூளை முடிவு பண்ணிடும். ஜன்னலுக்குக் கருப்புத் துணி நானே தர்றேன். சும்மா இல்ல, வாடகையில சேத்துக்கிறேன். ஷீட்டு போட்ட மாடி ரூம்ல பகல்ல வேகுதுன்னா தரை மேல தண்ணி தெளிச்சுப் படு. ரீல்ஸ் பாக்கிறதைப் பஸ்லயே முடி. எந்த ஷிப்டா இருந்தாலும் வந்ததுல இருந்து ஒரே முறையில குளி, சாப்பிடு, படு. வல்லம் வடகால்ல 2024 ஆகஸ்டுல 706 கோடி ரூபா செலவுல 18,720 பொம்பளைப் பிள்ளைங்க தங்கற விடுதியைத் தொறந்தாங்க. எனக்கு வாடகைக்குப் போட்டின்னு அன்னிக்கு எனக்கும் தூக்கம் வரல. ஆனா யோசிச்சுப் பாரு, ஃபேக்டரி வந்து இருபத்தஞ்சு வருஷம் கழிச்சுத்தான் ஆளுங்க எங்க தூங்குவாங்கங்கிற கேள்விக்கு இவ்ளோ பெருசாக் கட்டடம் எழும்பியிருக்கு.

இதையெல்லாம் செஞ்சும் பல்லு தேஞ்சுக்கினே போனா பல் டாக்டர்தான். அவங்க அளவு எடுத்து, படுக்கிறப்ப மாட்டிக்கிற மாதிரி ஒரு உறை செஞ்சு தருவாங்க, நைட் கார்டுன்னு பேரு. அது மாட்டுக்கு அடிக்கிற லாடம். லாடம் அடிச்சா மாடு நடக்கிறதை நிறுத்துமா? நிறுத்தாது, குளம்பு தேயாது. அந்த மாதிரி நீ கடிப்ப, உறை தேயும், பல்லு தப்பிக்கும். ஆன்லைன்ல வர்ற ரப்பரை வெந்நீர்ல போட்டுக் கடிச்சு மாட்டிக்காதே. மெத்துன்னு இருந்தா சில பேருக்கு மெல்ற ஆசை இன்னும் கூடும். தாடைச் சதையில போடற ஊசி ஒண்ணு இருக்குது, சினிமாக்காரங்க சுருக்கத்துக்குப் போடறாங்களே, அதுதான். இறுக்கத்தைக் குறைக்கும். மாசக் கணக்குல மறுபடி மறுபடி போடணும், உன் சம்பளத்துக்கு அது தாங்காது.

காசு இல்லன்னு சொல்லாதே. 21,000 ரூபா வரைக்கும் சம்பளம் வாங்கறவனுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. மாசா மாசம் உன் சம்பளத்துல முக்கால் சதவீதம் புடிக்கிறாங்க, முதலாளி மூணே கால் சதவீதம் கட்டறாரு. கார்டு எங்க இருக்குதுன்னாவது தெரியுமா? பேமென்ட் ஸ்லிப்புல அந்தக் கோட்டைப் பார்த்துத் திட்டறதுக்கு மட்டும் கட்டற காசு இல்ல அது. இல்லன்னா சென்னையில கோட்டை ஸ்டேஷன் பக்கத்துல கவர்மென்ட் பல் ஆஸ்பத்திரி இருக்குது, வீக் ஆஃப் அன்னிக்கு ரயில் ஏறு. வாய்க்குள்ள உன் மூணு விரலை நெடுக்கா வெச்சா நுழையணும். நுழையலன்னாலோ, தாடை மாட்டிக்கினு திறக்கலன்னாலோ, பல்லு வெடிச்சாலோ, வீக் ஆஃப் வரைக்கும் கூடக் காத்திருக்காதே.

கடைசியா ஒண்ணு. டாக்டர் புத்தகத்துல இது இருக்காது, ஊர்ப் பெருசு சொல்றேன். நம்ம ஸ்ரீபெரும்புதூர் யாரு பொறந்த ஊரு? 1017-ல ராமானுஜர் பொறந்த ஊரு. மந்திரத்தை யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு குரு சொல்லியும், திருக்கோஷ்டியூர்ல கோபுரத்து மேல ஏறி ஊருக்கே கேக்கிற மாதிரிச் சொன்னவருன்னு கதை சொல்வாங்க. அவரு பொறந்த மண்ணுல நின்னுக்கினு, நீ சூப்பர்வைசர்கிட்ட "சார், ரெண்டு வாரமாத் தொடர்ந்து நைட், மாத்திக் குடுங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்ல வாயைத் திறக்க மாட்டேங்கிற. 2021 டிசம்பர்ல, விடுதிச் சாப்பாடு ஒத்துக்காம நிறையப் பேருக்கு உடம்பு கெட்டுப் போச்சுன்னு, ஃபேக்டரியில வேலை பாக்கிற, உன்னை விடச் சின்னப் பொண்ணுங்க பெங்களூரு ஹைவேயையே மறிச்சு உக்காந்துதுங்க. 2024-ல சுங்குவார்சத்திரத்துல சாம்சங் ஆளுங்க சங்கம் வேணும்னு 37 நாள் வெளிய உக்காந்தாங்க. உன்னை ரோட்டுல உக்காரச் சொல்லல. வேலையும் வேணும், எனக்கு வாடகையும் வேணும். கேக்க வேண்டியதைக் கேக்க வேண்டிய எடத்துல, கேக்க வேண்டிய நேரத்துல கேளுன்னுதான் சொல்றேன். கேட்டதும் பல் கடிக்கிறது நின்னுடும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா ஷிப்டு மாறினா தூக்கம் மாறும், தூக்கம் மாறினா தாடை அடங்க வழி உண்டு. வாய் இருக்கிறது பரோட்டா தின்ன மட்டும் இல்ல.

அந்தப் பையன்கிட்டயும் பக்குவமாச் சொல்லு. "ராத்திரி பூரா என்னைத் தூங்க வுடல"ன்னு சண்டைக்குப் போகாதே, தெரிஞ்சு செய்யறது இல்ல அது. சத்தத்தைப் போன்ல புடிச்சுப் போட்டுக் காட்டு. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல மட்டும் வெச்சுடாதே.

வைத்தியத்துக்கு எனக்கு ஃபீஸ் வேணாம். ஒண்ணே ஒண்ணு செய். காலையில ஆறு மணிக்கு டியூட்டி முடிஞ்சு வர்றப்ப இரும்புக் கேட்டை டமால்னு அடிச்சுச் சாத்தாதீங்க. உள்ள ஒருத்தன் அப்பதான் நல்லாத் தூங்கிக்கினு இருப்பான். வேற எவனும் இல்ல, நான்தான்.